ஈரத்துணி பட்ட ஆட்டோக்ரோம்: பரணில் கிடைத்த 17 வண்ணத் தகடுகள்

பாரிசுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில், பழைய வீடு ஒன்றின் பரணில் கிடைத்த ஆட்டோக்ரோம் தகடுகளை, அதாவது கண்ணாடியில் எடுத்த பழங்கால வண்ணப் புகைப்படங்களைப் பற்றிய குறிப்பு இது. ஆட்களின் பெயர், ஊர், தெரு எதுவும் இதில் வராது. சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். 17 தகடுகளில் ஒன்று, நான் போய்ச் சேருவதற்குப் பத்து நாள் முன்னால் கெட்டுப்போனது. அதில் என் பங்கும் உண்டு. பழைய கண்ணாடிப் படங்கள் கைக்கு வரும் யாருக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே வைக்கிறேன்.

பின்னணி

பழைய கண்ணாடி நெகட்டிவ்களுக்கும் ஸ்லைடுகளுக்கும் டிஜிட்டல் நகல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. சேதமான தகட்டைப் பழுது பார்க்கும் பயிற்சி எனக்கு இல்லை. அப்படி எதுவும் வந்தால், பல வருடப் பழக்கமுள்ள ஒரு பாதுகாப்பு வல்லுநரிடம் அனுப்பிவிடுவேன்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. பேசியவர் புதுச்சேரியிலிருந்து பல வருடங்களுக்கு முன் பிரான்சுக்கு வந்த அம்மா. நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் 27 வயது மகனும் சேர்ந்து அந்தப் பழைய வீட்டை வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. பரணில் குளிர்த்தடுப்புப் பஞ்சு அடிக்கும் வேலை நடந்தபோது, சுவரோரம் ஒரு மரப்பெட்டி அகப்பட்டிருக்கிறது.

"தம்பி, கண்ணாடியில கலர் போட்டோ இருக்கு. வெளிச்சத்துல புடிச்சாத்தான் உருவம் தெரியுது. கையால வரைஞ்சதா, நெசமான போட்டோவான்னு புரியல" என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு வரியிலேயே ஆட்டோக்ரோமாக இருக்கலாம் என்று மனசுக்குப் பட்டது. ஆனாலும் எத்தனையோ முறை கைவண்ணம் பூசிய மாயவிளக்கு ஸ்லைடுகளை (விளக்கு வைத்துத் திரையில் காட்டும் பழைய கண்ணாடிப் படங்களை) பார்க்க அலைந்திருக்கிறேன். அதனால் அதிகம் விசாரிக்காமல், "சரிக்கா, தூசி படாம பத்திரமா வைங்க, நான் வந்து பாக்குறேன்" என்று சொல்லி, 12 நாள் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாக முடித்துக்கொண்டேன். அந்தப் போன் பேச்சு நாலு நிமிடம் கூட இருக்காது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

இந்தத் தகடுகள் எப்படிப்பட்டவை

ஆட்டோக்ரோமைத் தெரியாமல் மீதியைப் புரிந்துகொள்வது கஷ்டம். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்தால் மற்ற நிறங்களைக் காட்டலாம் என்பதை இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861ல் லண்டனில், மூன்று தனித்தனிப் படங்களை ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச்செய்து காட்டினார். மூன்று படம், மூன்று விளக்கு என்றால் அது மேடைக்குச் சரி, வீட்டுக்கு ஆகாது. மூன்று நிறத்தையும் ஒரே தகட்டில் மிக நுண்ணிய துண்டுகளாகப் பரப்பிவிட்டால் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும் என்ற யோசனையை பிரான்சின் லூயி துய்கோ துய் ஓரோன் 1868லேயே எழுதிவைத்துவிட்டார். அதைக் கடையில் விற்கும் பொருளாக்கியவர்கள் லியோன் நகரத்து லூமியேர் சகோதரர்கள். 1903 டிசம்பரில் காப்புரிமைக்குப் பதிந்தார்கள். 1907ல் தகடு விற்பனைக்கு வந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் உருளைக்கிழங்கு மாவு. மாவைச் சலித்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே உள்ள மணிகளை மட்டும் பிரித்தெடுத்து, மூன்று பங்காக்கி, ஒன்றுக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு ஊதா கலந்த நீலம் என்று சாயம் ஏற்றினார்கள். மூன்றையும் கலந்து, பசை தடவிய கண்ணாடியின் மேல் ஒரே அடுக்காகத் தூவினார்கள். மணிகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் கரித்தூளை நிரப்பி, பெரிய அழுத்தம் கொடுத்துத் தட்டையாக்கினார்கள். அதற்கு மேல் ஒரு வார்னிஷ், அதற்கு மேல் எல்லா நிறத்தையும் உணரும் வெள்ளி எமல்ஷன், அதாவது ஒளி பட்டால் மாறும் வெள்ளிப் பூச்சு. ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய 7,000 மணிகள் இருக்கும். சுண்டுவிரல் நகத்தின் பரப்புக்குள் லட்சக்கணக்கான சாயமணிகள்.

படம் எடுக்கும்போது தகட்டைத் திருப்பிப் போடவேண்டும். ஒளி முதலில் கண்ணாடியையும், பிறகு மாவுமணியையும் தாண்டித்தான் எமல்ஷனை அடையும். சிவப்புக் கோட்டிலிருந்து வரும் ஒளி சிவப்பு மணி வழியாக மட்டும் உள்ளே போகும். அதற்குப் பின்னால் உள்ள வெள்ளி கருக்கும். தகட்டைக் கழுவும்போது (டெவலப் செய்யும்போது) அந்தக் கருத்த வெள்ளியைக் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சமுள்ள வெள்ளியைக் கருக்க வைப்பார்கள். கடைசியில் சிவப்பு மணியின் கதவு திறந்திருக்கும், பச்சை மணிக்கும் நீல மணிக்கும் கதவு சாத்தியிருக்கும். தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் கோட்டு சிவப்பாகத் தெரியும்.

கவனிக்கவேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. படத்தின் உருவம் வெள்ளியில் இருக்கிறது. நிறம் முழுக்கவும் அந்த மாவுமணிகளில் ஏறிய சாயத்தில் இருக்கிறது. அந்தச் சாயங்கள் தண்ணீரில் கரையக்கூடியவை, வெயிலுக்கும் தாங்காதவை. இன்னொன்று, இந்தத் தகட்டுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் இருந்த அதே கண்ணாடிதான் கையில் இருக்கும் படம். அது போனால் போனதுதான்.

நான் போவதற்கு முன் நடந்தவை

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தகடுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். காப்பி கொடுத்துவிட்டு, அந்த அம்மா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மையால்தான் சேதத்துக்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பெட்டி கிடைத்த வாரத்தில், எல்லாவற்றிலும் அழகான ஒரு தோட்டப் படத்தைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து வைத்திருக்கிறார். தெற்குப் பார்த்த ஜன்னல். ஆட்டோக்ரோம் தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட வெளியே விடாது. சாதாரண அறை வெளிச்சத்தில் இருட்டாகத்தான் தெரியும். வெயில் பின்னாலிருந்து வந்தால்தான் உயிர் வரும். யாருக்கும் அதை ஜன்னலில் வைக்கத்தான் தோன்றும். என்னிடம் போன் பேசியபோது அது ஜன்னலுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. பிறகு இன்னும் 12 நாள் அங்கேயே இருந்தது.

இரண்டாவது விஷயம் மகன் செய்தது. நான் "தூசி படாம" என்று சொன்னதை அம்மா மகனிடம் "தூசி இல்லாம வைக்கச் சொன்னாரு" என்று சொல்லியிருக்கிறார். ஒரு தகட்டில் தூசி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மாட்டியிருந்தது. ஆட்டோக்ரோமை வழக்கமாக மேலே இன்னொரு கண்ணாடி வைத்துச் சுற்றிலும் கறுப்புக் காகிதப் பட்டை ஒட்டி மூடிவைப்பார்கள். அந்தப் பட்டை காய்ந்து பொடிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் பையன் பட்டையைப் பிரித்து, மேல் கண்ணாடியைத் தனியே எடுத்துக் கழுவிவிட்டு, உள்பக்கத்தை ஈரத்துணியால் ஒரே ஒரு இழுப்பு துடைத்திருக்கிறான். துணியில் நிறம் ஒட்டியதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"அண்ணா, கண்ணாடின்னு நெனச்சுட்டேன்" என்றான். அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பண்டிகைக்கு முன்னால் வீட்டுச் சாமி படங்களைத் துடைப்போமே, அதே அக்கறையோடுதான் துடைத்திருக்கிறான். அவன் மேல் குற்றம் காண எனக்கு எதுவும் இல்லை.

முதல் நாள் கண்டது

முதலில் இது ஆட்டோக்ரோம்தானா என்று உறுதி செய்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், வானமாகத் தெரிந்த இடம் பொரிப்பொரியாகப் பிரிந்தது. ஆரஞ்சு, பச்சை, ஊதாப் புள்ளிகள், எந்த ஒழுங்கும் இல்லாமல், சில இடங்களில் ஒரே நிறம் கூட்டமாகச் சேர்ந்து கிடந்தன. அந்த ஒழுங்கின்மைதான் அடையாளம். 1913ல் வந்த பேஜெட் என்ற இன்னொரு வகை வண்ணத் தகட்டிலும் அதுபோன்ற மற்ற சில முறைகளிலும் சதுரங்களோ கோடுகளோ வரிசையாக இருக்கும். கைவண்ணம் என்றால் புள்ளியே இருக்காது, தூரிகை ஓடிய தடம் இருக்கும்.

எல்லாம் 9க்கு 12 செ.மீ. தகடுகள். 11 நல்ல நிலையில் இருந்தன. மூன்றில் மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருந்தது, படம் சேதமில்லை. ஒன்றில் படம் இருக்கும் கண்ணாடியே இரண்டாக உடைந்திருந்தது. அது பழைய உடைசல், விளிம்பில் அழுக்கு ஏறியிருந்தது. மிச்சம் இரண்டு, ஜன்னலில் இருந்ததும் ஈரத்துணி பட்டதும். பெட்டியின் அடியில் ஒரு மடக்குப் பெட்டியும் இருந்தது. திறந்தால் ஒரு பக்கம் தகட்டைச் செருகும் சட்டம், மறுபக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னலோரம் வைத்து, தகட்டினூடே வரும் ஒளியைக் கண்ணாடியில் குனிந்து பார்ப்பது அந்தக் கால வழக்கம். கண்ணாடியில் ரசம் கொஞ்சம் போயிருந்ததே தவிர, கீல் இன்னும் இறுக்கமாக இருந்தது.

ஈரத்துணி பட்ட தகட்டில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, கல்படியில் நின்றுகொண்டு, சிவப்புக் கோட்டு போட்டிருக்கிறாள். கோட்டின் இடுப்புக்குக் கீழே 31 மி.மீ. நீளத்துக்கு வெளிறிய பச்சைக் கறை, ஓரத்தில் மட்டும் அடர்த்தியாக. பெரிதாக்கிப் பார்த்தபோது, கறைக்கு வெளியே ஒவ்வொரு மணிக்கும் தெளிவான வட்டம் இருந்தது. கறைக்குள்ளே வட்டமே இல்லை. பச்சைச் சாயம் பக்கத்து மணிகள் மேலெல்லாம் ஊறிப் பரவி, சிவப்பு மணிகள் அழுக்கு மஞ்சளாகத் தெரிந்தன. மேல் வார்னிஷில் முன்பே முடி அளவு வெடிப்புகள் இருந்திருக்கின்றன. தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கியிருக்கவேண்டும். ஆட்டோக்ரோமில் ஈரம் பட்டால் பச்சைக் கறை வருவது இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி. ஆனால் பத்தே நாள் வயதான கறையை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஜன்னல் தகட்டில் சேதத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். மொத்தமாக வெளுத்த படம் வெளுத்ததாகவே தெரியாது. "அப்பல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும்" என்று கண் ஒத்துக்கொள்ளும். தகட்டின் ஒரு மூலையில்தான் பதில் கிடைத்தது. கழுவிய காலத்திலேயே எமல்ஷன் அங்கே கொஞ்சம் உரிந்து, மாவுமணி அடுக்கு மட்டும் தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு பாதியை மூடிக் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது, மறுபாதி வெளியே இருந்தது. பட்டை தானே கழன்றிருந்ததால் தொடாமலே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடிந்தது. பட்டைக்கு அடியில் இருந்த பாதி அடர்த்தியாக, கிட்டத்தட்ட சாம்பல் நிறமாக இருந்தது. வெளியே இருந்த பாதி வெளிறி, மஞ்சளடித்திருந்தது. ஒரே மாவு, ஒரே சாயம், ஒரே தகடு. வெளிச்சம் மட்டும் வேறு. இதில் எவ்வளவு இந்த ஐந்து வாரத்தில் நடந்தது, எவ்வளவு நூறு வருடத்தில் நடந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதை அந்த அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றைக்கே செய்தது ஒன்றுதான். ஜன்னல் தகட்டை எடுத்து, எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியாகவும் உலர்வாகவும் இருந்த படிக்கட்டு அலமாரியில் வைத்தோம். பரண் கோடையில் கொதிக்கும், கீழ்த்தளக் கிடங்கு ஈரம். இரண்டும் ஆகாது.

கறைபட்ட தகட்டில் எதுவும் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். வேறு ஏதாவது திரவம் வைத்துக் கறையை வாங்கிவிட முடியாதா என்று பையன் கேட்டான். ஊறிய சாயத்தை அதன் பழைய மணிக்குள் திருப்பி அனுப்ப எந்த வழியும் இல்லை; இன்னொரு திரவம் இன்னும் கொஞ்சம் சாயத்தைத்தான் நகர்த்தும். வல்லுநரிடம் போனில் கேட்டதற்கு அவரும் அதையே சொன்னார். புதுக் கண்ணாடி வைத்து மூடும் வேலையும், உடைந்த தகட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவே அசையாமல் பிடித்துக் கட்டும் வேலையும் அவர் பொறுப்பு. உடைந்த தகட்டைப் படுக்கவைத்தே எடுத்துப்போகச் சொன்னார். முழுத் தகடுகளை நிமிர்த்தி வைக்கலாம், உடைந்ததை வைக்கக்கூடாது.

அடுத்தது படமெடுப்பது. வீட்டு ஸ்கேனர் வேண்டாம் என்றேன். அதன் விளக்கு தகட்டின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும், கண்ணாடியோடு கண்ணாடி உரசும். அதற்குப் பதில் எல்லா நிற ஒளியும் ஏறக்குறைய விடுபடாமல் தரும் லைட் பேனலின் மேல், ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் தகட்டைத் தாங்கி வைத்து, மேலிருந்து மாக்ரோ லென்ஸால் எடுப்பது. ஃபோகஸ் பார்ப்பதற்கு, எதற்கும் பயன்படாத வேறொரு கண்ணாடி நெகட்டிவை முதலில் வைத்து எல்லாம் சரிசெய்துகொண்டு, பிறகுதான் ஆட்டோக்ரோமை வைத்தேன். ஒரு தகட்டின் மேல் வெளிச்சம் விழும் நேரம் மொத்தம் நாலு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று எனக்கு நானே வரம்பு போட்டுக்கொண்டேன்.

எவ்வளவு நுணுக்கமாக எடுப்பது என்பதில் கொஞ்சம் தயங்கினேன். மணி ஒவ்வொன்றும் தெரியவேண்டுமென்றால் மணிக்குக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். 12 செ.மீ. நீளத்துக்கு அது 24,000 பிக்சல், முழுத் தகட்டுக்கு 43 கோடிக்கு மேல். துண்டு துண்டாக எடுத்துத் தைக்கவேண்டியிருக்கும், வெளிச்ச நேரமும் பல மடங்காகும். அதனால் 17ஐயும் ஒரே ஷாட்டில் எடுத்துவிட்டு, கறைபட்டது, வெளுத்தது, இன்னும் ஒன்று என மூன்றை மட்டும் மணி தெரியும் அளவுக்குத் துண்டுகளாக எடுத்தேன். கறையின் எல்லையைப் பின்னால் அளந்து பார்க்க அது இல்லாமல் முடியாது.

நிறத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வதில்லை என்பதும் அன்றே எடுத்த முடிவு. மூலக்கோப்பு தகடு இப்போது இருக்கும் நிலையையே காட்டவேண்டும், வெளுத்தது வெளுத்ததாக, கறை கறையாக. பக்கத்தில் நிற அளவுப் பட்டை வைத்துத் தனியாக ஒரு படமும் எடுத்தேன்.

நிறம் சொன்ன தேதி

மூலக்கோப்பின் நிறத்தில் கைவைக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு நல்ல காரணம் அன்று மாலையே கிடைத்தது.

பெட்டியில் தேதி இல்லை. தகட்டின் வகையை வைத்து 1907க்குப் பிறகு, 1930களின் தொடக்கத்துக்கு முன் என்று சொல்லலாம். 1931ல் லூமியேர் நிறுவனம் இதே முறையை பிலிமில் கொண்டுவந்தது, கண்ணாடிக்கு வேலை குறைந்துபோனது. அந்த 24 வருட இடைவெளியை எப்படிச் சுருக்குவது? ஒரு தகட்டில், அதே கல்படியில், ஒரு சிப்பாய் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சீருடை மங்கலான வான்நீலம். முதல் உலகப்போர் தொடங்கியபோது பிரெஞ்சுக் காலாட்படை சிவப்புக் கால்சட்டையோடுதான் களத்துக்குப் போனது. எதிரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்த அந்தச் சிவப்பைக் கைவிட்டு, தொடுவான நீலம் என்று அழைக்கப்பட்ட நிறத்தில் 1915 முதல் சீருடை பரவலாகக் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் இரண்டுமே சாம்பல்தான். இங்கே நீலம் கண்ணெதிரில் இருக்கிறது. அந்தத் தகடு 1915க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வெளுத்த தகட்டை அழகாக்குவதாக நினைத்து நீலத்தைக் கொஞ்சம் தூக்கியிருந்தால், அல்லது இப்போது பரவலாகக் கிடைக்கும் தானியங்கி வண்ணமேற்றும் செயலிக்குள் போட்டிருந்தால், அந்தச் சாட்சி கலங்கியிருக்கும். அந்தச் செயலி எந்தச் சிப்பாயையும் பார்த்ததில்லை, ஊகித்துத்தான் பூசும். கண்ணாடியில் உள்ள நீலமோ அந்தச் சட்டையில் பட்டு வந்த வெளிச்சம்.

இன்னொரு தகட்டில் தோட்ட நாற்காலியில் ஒரு பெண், மடியில் நாய். அவர் முகம் கூர்மையாக இருக்கிறது, நாயின் தலை மட்டும் கலங்கிப்போயிருக்கிறது. ஆட்டோக்ரோமுக்கு நல்ல வெயிலிலும் ஒரு நொடியோ அதற்கு மேலோ வேண்டும். லென்ஸில் போடும் மஞ்சள் வடிகட்டியும் மாவு அடுக்கும் பெரும்பாலான ஒளியை விழுங்கிவிடும். மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், நாய் மட்டும் யாரையோ திரும்பிப் பார்த்திருக்கிறது. அந்தத் தகட்டின் முன்னால் நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

யாருடைய படங்கள்

இந்தக் கேள்வியை எழுப்பியது அந்த அம்மாதான். "வீடு நம்மது, சரி. ஆனா இந்தப் புள்ள யாரு வீட்டுப் புள்ள? அவங்க இன்னும் இருந்தா?" என்றார். வீட்டு விற்பனையை நடத்திக்கொடுத்த நோட்டரி மூலமாக, விற்றவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புவது என்று முடிவானது. முகவரியை அவர் எங்களிடம் கொடுக்கமாட்டார், கடிதத்தைச் சேர்ப்பிப்பார். நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன். ஒரு தகடு ஈரம் பட்டுக் கெட்டதையும், அது இந்த வீட்டிலேயே நடந்தது என்பதையும் அந்த முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள் என்று. பின்னால் தெரியவந்தால் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும். பையனே அந்தப் பத்தியை எழுதினான்.

பின்பு நடந்தவை

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. எண்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி; அந்த வீடு அவருடைய தாத்தாவுடையது. ஜூலையில் மகளோடு வந்தார். தகடுகளை வரிசையாகக் காட்டாமல், முதலில் காகிதத்தில் அச்சிட்ட படங்களைக் காட்டினோம். அவர் எந்தத் தகட்டைப் பார்க்க விரும்புகிறாரோ அதை மட்டும் வெளியே எடுப்பது என்று ஏற்கெனவே பேசிவைத்திருந்தோம்.

கல்படியில் நின்ற சிறுமி அவருடைய அம்மா. அந்தப் படத்தைப் பார்த்ததும் கறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கோட்டின் கையை விரலால் காட்டினார். அவர்கள் வீட்டில் இதே நாளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறதாம். கோட்டு சிவப்பு என்று அம்மா வாய்வழியாகச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்.

பிறகு, கறையை எடுத்துவிட்டு ஒரு படம் தர முடியுமா என்று மகள் கேட்டார். இதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. மூலக்கோப்பைத் தொடாமல், தனி நகலில், கோட்டின் மேல்பகுதி நிறத்தைக் கொண்டு கீழ்ப்பகுதியை நிரப்பிக் கொடுத்தேன். கோப்பின் பெயரிலும், அச்சிட்ட தாளின் பின்பக்கத்திலும், எந்தப் பகுதி நிரப்பப்பட்டது என்று எழுதியிருக்கிறது. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை. நாளைக்கு இதை வைத்து யாராவது ஏதாவது ஆராயும்போது அது எந்தப் படம் என்று தெரிந்தால் போதும்.

பெட்டியை அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. செப்டம்பரில் 16 தகடுகளும் மடக்குப் பெட்டியும் அந்த வட்டாரத்தின் அரசு ஆவணக் காப்பகத்துக்குக் கொடையாகப் போயின. ஒவ்வொன்றும் அமிலமில்லாத நாலு மடிப்புக் காகித உறையில், இருட்டில், குளிர்ச்சியான உலர்ந்த அறையில் இருக்கிறது. நாயோடு இருக்கும் பெண்ணின் தகட்டை மட்டும், வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு என்று சொல்லி, அந்த அம்மா கையில் கொடுத்தார். அது இப்போது படிக்கட்டு அலமாரியில், உறைக்குள் இருக்கிறது. சமையலறைச் சுவரில் இருப்பது அச்சுப் படம்.

இப்போது மாற்றிச் செய்வது

முதல் போன் பேச்சை முழுக்க மாற்றிவிட்டேன். "பத்திரமா வைங்க" என்பது வழிமுறையே அல்ல. கேட்பவர் தனக்குத் தெரிந்த பத்திரத்தைச் செய்வார். இப்போது யார் கூப்பிட்டாலும் படம் எதைப் பற்றியது என்று கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன்: துடைக்காதீர்கள், உலர்ந்த துணியாலும் வேண்டாம். ஓரப் பட்டையைப் பிரிக்காதீர்கள். ஜன்னலிலோ விளக்கின் முன்னாலோ ஏதாவது இருந்தால் இப்போதே, போனை வைப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். சொன்ன பிறகு, என்ன புரிந்தது என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். வீட்டில் வேறு யாராவது அந்தப் பெட்டியைத் தொடக்கூடியவர்கள் இருந்தால் அவரிடமும் நேரில் பேசுகிறேன். அன்று அந்தப் பையனிடம் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும்.

12 நாள் தள்ளிப் போனதும் தவறு. வேலை இருந்தது உண்மைதான். ஆனால் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் அன்று மாலையே தெரிந்திருக்கும்.

படமெடுத்ததில் ஒரு குறை. மணி தெரியும் அளவுக்கு மூன்றை மட்டும் எடுத்தேன். மேல் கண்ணாடி விரிசல் விட்டிருந்த மூன்றையும் அதே அளவில் எடுத்திருக்கவேண்டும். காற்றிலுள்ள ஈரம் முதலில் நுழையக்கூடியவை அவைதான். காப்பகம் இனி அவற்றை வெளியே எடுக்கும்போது சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கறைபட்ட தகட்டை ஒரு வருடம் கழித்து, அதே பேனலில், அதே தூரத்தில் வைத்து மறுபடியும் எடுத்தோம். பையனும் கூட வந்திருந்தான். கறையின் நீளத்தை அவனே திரையில் அளந்தான். 31 மி.மீ. பரவவில்லை. அடுத்த அளவெடுப்பு இன்னும் ஐந்து வருடம் கழித்து என்று காப்பகத்தின் பதிவேட்டில் எழுதியிருக்கிறது.